காய்ந்துபோன ஃபில்டர்: வீட்டில் செய்த மீடியாவைக் கழுவியதால் நடந்தது பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வடசென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், பொங்கலை ஒட்டிய நாட்களில் நடந்த நிகழ்வு இது. ஆறு கோல்ட் ஃபிஷ் இருந்த தொட்டியில் இரண்டு செத்தன, நான்கு பிழைத்தன. தொட்டியின் ஃபில்டர் கடையில் வாங்கியதல்ல, அந்த வீட்டுப் பையன் தன் கையால் செய்தது. ஃபில்டருக்குள் அடுக்கும் பஞ்சு, நார், ஓட்டுச்சில்லு போன்றவற்றைத்தான் மீடியா என்கிறோம். அதனால்தான் மீன் செத்தது என்று படிக்கட்டிலும் லிஃப்ட்டிலும் பேச்சு வந்தது. அந்தப் பேச்சு சரியில்லை. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன். வீட்டாரிடம் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்கள். இதில் நான் செய்த தவறு ஒன்றும் உண்டு. அதுவும் கீழே வருகிறது.

## பின்னணி

வீட்டில் அப்பா, அம்மா, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன். நான் அதே கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறேன், பல வருடங்களாக மீன் வளர்க்கிறேன். மே மாத விடுமுறையில் கொளத்தூர் போய் மூன்றடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தார்கள். வண்ண மீனுக்குப் பேர்போன இடம் அது, அங்கே தெருத்தெருவாக மீன் கடைதான். தொட்டியில் கல், மணல் போக 110 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஆறு கோல்ட் ஃபிஷ்ஷுக்கு அது போதாது என்று அப்போதே சொன்னேன். கோல்ட் ஃபிஷ் நிறையத் தின்னும், நிறையக் கழியும், வேகமாக வளரும். ஆனால் வாங்கியாகிவிட்டது.

நல்ல கேனிஸ்டர் ஃபில்டரின் விலை தொட்டியின் விலையையே தாண்டியதால் பையன் தானே ஒன்று செய்தான். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று தொட்டியின் மேல் உட்காரும். தொட்டிக்குள் இருக்கும் பவர் ஹெட் என்ற சின்ன பம்ப் தண்ணீரை டப்பாவுக்குள் ஏற்றும். டப்பாவின் அடியில், சூடுகாட்டிய திருப்புளியால் போட்ட ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் திரும்பத் தொட்டியில் விழும். பவர் ஹெட்டைத் தவிர வேறு எதற்கும் பெரிதாகச் செலவில்லை.

டப்பாவுக்குள் அவன் அடுக்கியவை, மேலிருந்து கீழாக: தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சு, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் நான்கு (சோப்பு ஏற்றாத வகை), துண்டு துண்டாக வெட்டிய ஸ்ட்ராவும் தண்ணீர் பாட்டில் மூடிகளும், வெங்காயம் வரும் வலைப்பையில் கட்டிய ஓட்டுச்சில்லு. பக்கத்தில் கடையில் வாங்கிய ஜியோலைட் (அம்மோனியாவை இழுத்துப் பிடிக்கும் கல்) ஒரு சிறு பை. அழகுக்காகக் கைப்பிடியளவு வெள்ளைக் கல்.

ஓட்டுச்சில்லுக்கு அவன் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். இடித்துப் போட்ட பழைய வீடு ஒன்றிலிருந்து நாட்டு ஓடுகளை எடுத்து வந்து, சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, சல்லடையில் சலித்து, கொட்டைப்பாக்கு அளவுத் துண்டுகளை மட்டும் பொறுக்கினான். கழுவக் கழுவச் செந்தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. ஏழெட்டு முறை அலசி, கடைசியில் அம்மாவின் பழைய குண்டானில் கொதிக்க வைத்தான். வலைப்பையின் வாயில் இருந்த உலோகக் கிளிப்பையும் கழற்றிவிட்டு நூலால் கட்டினான். அதை நான் சொல்லித் தரவில்லை, அவனே யோசித்தது.

எல்லாமே சரியாக வரவில்லை. முதலில் பீர்க்கங்காய் நாரைப் போட்டிருந்தான். மூன்றாவது வாரம் எடுத்துப் பார்த்தால் விரலில் கூழாக ஒட்டியது. செடி நார் தண்ணீரில் அழுகத்தான் செய்யும், அழுகும்போது ஆக்ஸிஜனையும் உறிஞ்சும். அடுப்புக்கரியை நுணுக்கிப் போட்டதிலும் பலனில்லை. கடையில் கிடைக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் வேறு பொருள். தேங்காய்ச் சிரட்டைக் கரியை ஆலையில் 800 டிகிரிக்கு மேல் நீராவி கொடுத்துப் பக்குவப்படுத்தினால்தான் அதன் உள்துளைகள் திறக்கும். வீட்டு அடுப்பில் அது நடக்காது. தீர்ந்துபோன கார்பனை வீட்டு ஓவனில் வைத்துப் புதுப்பிக்கவும் முடியாது.

முதலில் இரண்டே மீன்தான் விட்டான். நான் கொடுத்த டெஸ்ட் கிட்டில் நாள்தோறும் பார்த்து நோட்டில் எழுதினான். ஆறாவது வாரம் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தன. அதற்கப்புறம் மீதி நான்கையும் விட்டான். அன்றிலிருந்து ஜனவரி வரை ஒரு குறையும் இல்லை. வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுவான், பஞ்சு அழுக்கானால் புதுசு வைப்பான், மற்றதைத் தொடமாட்டான்.

அந்த ஆறு வாரத்தில் டப்பாவுக்குள் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது, அது சேர்ந்தால் மீனுக்கே நச்சு. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக்கும். அந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றே வெகுகாலம் எழுதி வந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் அதைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்பது 1998-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இவை தண்ணீரில் மிதந்து திரிவதில்லை, ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. வளர்ச்சியும் மந்தம்: சாதாரண பாக்டீரியா அரை மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால் இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். பையன் காசில்லாமல் செய்த டப்பாவில் விலையுள்ள பொருள், இந்த பாக்டீரியாக்கள் மீடியாவின் மேல் படிந்து உண்டாக்கிய பழுப்பு வழவழப்பு ஒன்றுதான். அதற்குக் கொடுத்த விலை ஆறு வாரம்.

## நடந்தது

போகிக்கு முந்தின நாளை நாள் 1 என்று வைத்துக்கொள்கிறேன். வீடு முழுக்கச் சுத்தம் நடந்தது. அப்பா தொட்டியையும் கையில் எடுத்தார். பையன் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தான். முக்கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்பி, ஆன்டி குளோரின் சொட்டும் மறக்காமல் விட்டார். மீனுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. பிறகு டப்பாவைத் திறந்திருக்கிறார். உள்ளே எல்லாவற்றின் மேலும் பழுப்பாகச் சேறு. ஆறு மாத அழுக்கு என்று நினைத்து, அத்தனையையும் பக்கெட்டில் கொட்டி, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் தெளியும் வரை பிழிந்து பிழிந்து கழுவினார். அப்புறம் மொட்டை மாடியில் சாக்கு விரித்துக் காயப் போட்டார்.

அந்த வாரம்தான் குடியிருப்பின் சம்ப்பையும் (தரைக்கடியில் உள்ள பொதுத் தண்ணீர்த் தொட்டி) கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தார்கள். குழாயைத் திறந்தாலே வாடை அடித்தது என்று அம்மா பிறகு சொன்னார். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. அன்று வந்தது அதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மீடியா இரண்டு நாள் வெயிலில் கிடந்தது. நாள் 3, பொங்கலன்று மாலை, எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி பவர் ஹெட்டைப் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்ததாம். வந்த உறவினர்கள் எல்லோரும் தொட்டியைப் பார்த்துப் பாராட்டினார்களாம்.

நாள் 4, மாட்டுப் பொங்கல். மீன்கள் சாப்பிடவில்லை, மேல்மட்டத்திலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. பையன் சோதித்தான். அம்மோனியா லிட்டருக்கு 1 மி.கி.

## தொலைபேசியில் நான் சொன்னது

நாள் 5 காலையில் பையன் என்னைக் கூப்பிட்டான். நான் ஊரில் இருந்தேன். "அங்கிள், அம்மோனியா ஒண்ணுக்கும் ரெண்டுக்கும் நடுவுல காட்டுது, என்ன செய்யட்டும்?" பாதித் தண்ணீர் மாற்று, சாப்பாட்டை நிறுத்து, கல் உப்பு லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் போடு என்று சொன்னேன். மீன் வளர்ப்பவர்கள் எல்லோரும் எடுத்தவுடன் சொல்லும் முதலுதவி இது. பண்டிகை நாள் என்பதால் வீட்டில் பிடித்து வைத்துக் குளோரின் போக ஊறவிட்ட தண்ணீர் இல்லை. சம்ப் வாடைக்குப் பயந்து அவன் ஒரு பக்கெட்தான் மாற்றினான். உப்பை மட்டும் அளந்து 110 கிராம் போட்டான்.

நாள் 6 காலை ஒரு மீன் அடியில் கிடந்தது. அம்மோனியா சோதனைக் குழாய் அடர் பச்சையில் இருந்தது, 4 மி.கி.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: டப்பாவில் ஜியோலைட் இருக்கிறதா? ஜியோலைட் அம்மோனியத்தை (தண்ணீரில் அம்மோனியா எடுக்கும் இன்னொரு வடிவம்) இழுத்துத் தன்னிடம் இருக்கும் சோடியத்தை விடும் கல். அதைச் சுற்றி உப்புத் தண்ணீர் வந்தால் கணக்கு தலைகீழாகும்: சோடியத்தை எடுத்துக்கொண்டு, பிடித்து வைத்திருந்த அம்மோனியத்தைத் தண்ணீரில் விட்டுவிடும். ஜியோலைட்டைப் புதுப்பிக்க உப்புத் தண்ணீரில் ஊற வைப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். மீன் இருக்கும் தொட்டியிலேயே அதைச் செய்ய வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் உப்பால் பெரிய நன்மையும் இல்லை. உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட்டுக்குத்தான் எதிர்மருந்து, அன்று நைட்ரைட் பூஜ்யம்.

மீன்கள் விட்டதும் கல் விட்டதும் கலந்துதான் 4 ஆனது. ஆனாலும் ஒரே இரவில் அவ்வளவு ஏறியதில் என் யோசனைக்குப் பங்கு இருந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன்.

## நேரில் பார்த்தது

நாள் 6 மாலை ஊரிலிருந்து திரும்பியதும் நேராக மேலே போனேன். ஐந்து மீனும் காற்றுக்குமிழ் விடும் ஏர் ஸ்டோன் பக்கத்திலேயே ஒதுங்கியிருந்தன. இரண்டின் வால் துடுப்பில் செந்நிறக் கோடுகள். தண்ணீர் 25 டிகிரி, பிஎச் 8. இந்த இரண்டும் சேர்ந்தால் மொத்த அம்மோனியாவில் சுமார் 5 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும், மீதி அம்மோனியம். பிஎச் 7 ஆக இருந்தால் அது அரை சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். டெஸ்ட் கிட் இரண்டு வடிவத்தையும் சேர்த்தே காட்டும், அதனால் பிஎச் தெரியாமல் அம்மோனியா எண்ணை மட்டும் வைத்து ஒரு முடிவுக்கு வர முடியாது.

டப்பாவைத் திறந்தேன். ஓட்டுச்சில்லைக் கையில் எடுத்தால் சொரசொரவென்று, அடுப்பிலிருந்து இறக்கிய புதுச் சட்டி மாதிரி இருந்தது. டிசம்பரில் இதே சில்லைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன், வெண்டைக்காய் நறுக்கிய கத்தி போல வழுக்கும். பச்சை நார் கடையில் வாங்கிய அன்று இருந்த பச்சைக்குத் திரும்பியிருந்தது. பாட்டில் மூடிகள் மிதந்து ஒரு பக்கம் குவிந்திருந்தன, தண்ணீர் அவற்றைத் தொடாமல் மறுபக்கமாக ஓடியது. இந்தக் கடைசி விஷயம் புதிதல்ல, மே மாதத்திலிருந்தே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

அப்பா பக்கத்தில் நின்றிருந்தார். "சார், நான் நல்லதுன்னு நினைச்சுதான் செஞ்சேன்" என்றார். யார் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள் என்றேன், உண்மையும் அதுதான். மே மாதத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று பையனுக்கு மணிக்கணக்கில் சொன்ன நான், எப்படிக் கழுவுவது என்பதை அவன் பெற்றோரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

குழாய்த் தண்ணீரா வெயிலா, பாக்டீரியாவை எது கொன்றது என்று பையன் கேட்டான். என் கணிப்பில் வெயில்தான். குளோரின் தண்ணீரில் ஓர் அலசு அலசியிருந்தால் ஓட்டின் இடுக்குகளில் கொஞ்சமாவது தப்பியிருக்கும். இரண்டு நாள் காய்ந்ததில் தப்பியதும் போயிருக்கும்.

## எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் வேலையாக ஜியோலைட் பையை வெளியே எடுத்தோம். அடுத்து, என் வீட்டு டிரம்மில் ஒரு நாள் ஏர் பம்ப் ஓடி ஊறியிருந்த 60 லிட்டர் தண்ணீரைப் பக்கெட் பக்கெட்டாக லிஃப்ட்டில் ஏற்றி, தொட்டியில் பாதிக்கு மேல் மாற்றினோம். அம்மோனியா 2-க்கு இறங்கியது. பாக்டீரியா பரப்பில்தான் இருக்கும், தண்ணீரை மாற்றினால் அது போய்விடாது. இதைச் சொன்ன பிறகுதான் தினமும் தண்ணீர் மாற்ற வீட்டார் சம்மதித்தார்கள்.

மூன்றாவது, பாக்டீரியாவுக்கு விதை. என் தொட்டியில் இரண்டு வருடமாக ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு உண்டு. ஒன்றை அதே தொட்டித் தண்ணீரில் மூழ்கியபடி எடுத்துப் போய் அவர்கள் தொட்டியில் வைத்தேன். இன்னொன்றை அங்கேயே ஒரு பக்கெட்டில் பிழிந்து, அந்தக் கலங்கலை டப்பாவின் ஓட்டுச்சில்லு மேல் ஊற்றினேன். தண்ணீர் ஒரு மணி நேரம் சாயம் போல நின்றது. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவில்லை. இன்னொரு தொட்டியின் ஸ்பாஞ்சோடு நோயும் வரலாம் என்பதையும் யோசித்தேன். என் தொட்டியில் எட்டு மாதமாகப் புது மீன் விடவில்லை, எந்த மீனும் சுகமில்லாமல் போகவுமில்லை. அந்தத் தைரியத்தில் செய்தேன். மீன் அடிக்கடி வந்து போகும் கடைத் தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் கிடைத்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

பாட்டிலில் விற்கும் பாக்டீரியா வாங்கலாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்றேன். வெயிலடிக்கும் அலமாரியில் எத்தனை மாதம் நின்ற பாட்டில், உள்ளே உயிர் இருக்கிறதா என்று வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. உயிரோடு ஓடும் ஸ்பாஞ்ச் இரண்டு மாடி கீழே இருக்கும்போது அந்தச் சந்தேகத்துக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

சாப்பாடு மூன்று நாள் முழு நிறுத்தம், அப்புறம் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு சிட்டிகை. என் ஸ்பாஞ்ச் சின்னச் சின்ன பிளாட்டி மீன்களின் கழிவைச் சமாளித்துப் பழகியது. அதில் இருக்கும் பாக்டீரியாவின் அளவும் அந்தக் கழிவுக்கு ஏற்றபடிதான் இருக்கும். கோல்ட் ஃபிஷ்ஷின் பாரம் முழுவதையும் முதல் நாளே அது தாங்காது. வளர்ந்த கோல்ட் ஃபிஷ் ஒரு வாரம் பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது.

## நாட்கள் போன விதம்

நாள் 8-இல் துடுப்பு சிவந்திருந்த மீன்களில் ஒன்று செத்தது. அன்று அம்மோனியா 1. வீட்டு பால்கனியில் நீல டிரம் ஒன்று வாங்கி வைத்து, முந்தின நாளே தண்ணீர் பிடித்து ஏர் ஸ்டோன் போட்டு, ஆன்டி குளோரினும் விட்டு, தினமும் மூன்றில் ஒரு பங்கு மாற்றி வந்தார்கள். அந்த வேலை முழுவதையும் அம்மாதான் செய்தார். பையனுக்குப் பள்ளி திறந்துவிட்டது.

நாள் 9-இல் நைட்ரைட் முதல் முறையாக 0.25 காட்டியது. பையன் பதறிப்போய் வந்தான். எனக்கு அது நல்ல செய்தி, முதல் கூட்டம் வேலையைத் தொடங்கிவிட்டது. நாள் 12-இல் அம்மோனியா 0.25, நைட்ரைட் 1. நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் புகுந்து ஆக்ஸிஜன் சுமப்பதைக் கெடுக்கும், செவுள் பழுப்பாகும். முதல் உப்பு தண்ணீர் மாற்ற மாற்றக் குறைந்து போயிருந்தது. இப்போது ஜியோலைட் இல்லை, நைட்ரைட் இருக்கிறது. அதனால் அன்று அதே கல் உப்பை அதே அளவில் தெரிந்தே போட்டோம். மாற்றும் தண்ணீருக்கு ஏற்ற உப்பையும் அவ்வப்போது சேர்த்தோம். நாள் 15-இல் நைட்ரைட் 2 வரை ஏறியும் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கவில்லை.

இதற்கிடையில் இரண்டு மீன்களின் துடுப்பு ஓரத்திலும் முதுகிலும் கறுப்புத் திட்டுகள் வந்தன. அழுகல் நோய் என்று யாரோ சொல்ல, மருந்து வாங்கக் கிளம்பிவிட்டார்கள். அம்மோனியாவால் வெந்த தோல் ஆறும்போது கோல்ட் ஃபிஷ்ஷுக்கு இப்படிக் கறுக்கும். நல்ல வேளையாகப் படிக்கட்டில் பார்த்துத் தடுத்தேன். மருந்துகளில் சில புதிதாகத் துளிர்க்கும் பாக்டீரியாவையும் சேர்த்து அழித்துவிடும். திட்டுகள் மூன்று வாரத்தில் மறைந்தன.

நாள் 16-இல் அம்மோனியா பூஜ்யம். நாள் 19-இல் நைட்ரைட் 0.5. நாள் 23-இல் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் ஏறத் தொடங்கியிருந்தது. மே மாதத்தில் ஆறு வாரம் எடுத்த வேலை இந்த முறை பாதிக்குக் கொஞ்சம் கூடுதலான நாட்களில் முடிந்தது. என் ஸ்பாஞ்சை இன்னும் ஒரு மாதம் அங்கேயே விட்டு வைத்துப் பிறகுதான் திரும்ப எடுத்தேன்.

## டப்பாவைத் திருப்பி அடுக்கியது

நாள் 30-க்குப் பிறகு பையனும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளையும் எடுத்துப் பார்த்தோம். ஸ்ட்ராவும் மூடிகளும் வெளியே போயின. வழவழப்பான பிளாஸ்டிக்கில் பிடிமானம் குறைவு, மூடி மிதக்கும், இரண்டும் இடத்தை அடைத்ததுதான் மிச்சம். பெரிய டிரம்மில் காற்று அடித்து உருள விடுகிற அமைப்பென்றால் மூடிக்கும் ஒரு பயன் உண்டு, இந்தச் சின்ன டப்பாவில் இல்லை. அந்த இடத்தில் பச்சை நாரை இன்னும் நான்கு வைத்தோம். விலைக்கும் பரப்புக்கும் கணக்குப் பார்த்தால் பச்சை நாரை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் அனுபவம். அழுக்கால் சீக்கிரம் அடைபடுகிறது என்பது ஒன்றுதான் அதன் குறை.

வெள்ளைக் கல்லின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்தோம். சில நொடிகளில் ஓரமெல்லாம் நுண்ணிய குமிழ். மார்பிள் சில்லு, அதாவது சுண்ணாம்பு. அது கரைந்து பிஎச்சையும் கடினத்தன்மையையும் ஏற்றிக்கொண்டே இருக்கும். அதே சாறு ஓட்டுச்சில்லில் சும்மா ஊறியது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும் இந்த நைட்ரஜன் சுழற்சிக்குக் கொஞ்சம் கார்பனேட் தேவைதான், இல்லாவிட்டால் பிஎச் சரிந்து பாக்டீரியா ஓய்ந்துவிடும். ஆனால் இங்கே குழாயில் வருவதே கடினத் தண்ணீர். மார்பிளைப் பையன் பூந்தொட்டிக்கு மாற்றினான். தொட்டியின் பிஎச் இப்போது 7.6-ஐ ஒட்டி நிற்கிறது.

ஓட்டுச்சில்லை ஒரே பையாக வைக்காமல் இரண்டாகப் பிரித்துக் கட்டினோம்.

ஜியோலைட்டை லிட்டருக்கு 50 கிராம் கல் உப்புக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து, நன்றாக அலசி, காயவைத்து ஒரு டின்னில் போட்டாயிற்று. இதைக் காயவைப்பதில் தவறில்லை, இது ரசாயன வேலை செய்யும் கல். இனி அது டப்பாவில் எப்போதும் கிடக்காது. திடீரென அம்மோனியா ஏறினால் மட்டும் எடுக்க வேண்டியது. டின் மேல் அம்மா எழுதி ஒட்டியிருக்கிறார்: "இது உள்ளே இருந்தால் உப்பு போடக் கூடாது."

## இனி மாற்றிச் செய்வது

கழுவும் முறைதான் அடியோடு மாறியது. தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த அழுக்குத் தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்து, அதிலேயே ஒரு ஓட்டுப்பையையும் பாதி நாரையும் நான்கைந்து முறை முக்கி எடுக்கிறார்கள். பெரிய சேறு உதிர்ந்தால் போதும், பிழிவதில்லை. மறுபாதிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் முறை. ஈரம் காயாமல் உடனே திரும்பப் போகிறது. பஞ்சு மட்டும் விதிவிலக்கு. அது குப்பை பிடிக்கத்தான், அதைக் குழாயில் எப்படி வேண்டுமானாலும் கசக்கலாம், மூன்று நான்கு முறைக்கப்புறம் தூக்கிப் போடலாம். பஞ்சில் கெடுபிடி வேண்டாம் என்று தெரிந்ததும் அப்பாவுக்குக் கழுவ ஒரு பொருளாவது கிடைத்தது, இப்போது வாராவாரம் அதை அவர்தான் வெள்ளையாக்குகிறார்.

சம்ப் கழுவும் நாளைக் குடியிருப்புச் சங்கம் முன்கூட்டிச் சொல்வதில்லை. அம்மா செக்யூரிட்டியிடம் சொல்லி வைத்திருக்கிறார். டிரம்மில் எப்போதும் ஒரு மாற்றுக்கான தண்ணீர் இருக்கும்.

என் தரப்பில், யார் கூப்பிட்டாலும் உப்பு என்று சொல்வதற்கு முன் ஃபில்டரில் என்னென்ன இருக்கிறது என்று முழுவதும் கேட்கிறேன், முடிந்தால் படம் அனுப்பச் சொல்கிறேன். என் தொட்டியில் மூன்றாவதாக ஒரு ஸ்பாஞ்சும் ஓட விட்டிருக்கிறேன். அதன் வேலை எந்த வீட்டுக்காவது விதையாகப் போவது. மார்ச்சிலிருந்து இதுவரை இரண்டு முறை மேல் மாடிகளுக்குப் போய் வந்துவிட்டது.

நான்கு கோல்ட் ஃபிஷ்ஷும் நன்றாக இருக்கின்றன. அதில் ஒன்று ஏழங்குலத்தைத் தொட்டுவிட்டது. நான்கடித் தொட்டி வாங்குவதாகப் பேச்சு. அதற்கு இரண்டாவது டப்பா வேண்டும் என்று பையன் மறுபடி ஓடு உடைக்கத் தொடங்கியிருக்கிறான். உடைத்த சில்லில் ஒரு பையைப் பழைய டப்பாவிலேயே இப்போதே போட்டு வைத்திருக்கிறான், புதுத் தொட்டி வருவதற்குள் வழுக்க ஆரம்பித்துவிடும் என்று.